மஞ்சள் அட்டையும் மஞ்சப்பையும்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், அதியமான்கோட்டையைத் தாண்டி, தொப்பூர்க் கணவாயை எட்டுவதற்கு முன்பாக வரும் நல்லம்பள்ளி, ஒரு வட்டத்தின் தலைமையிடமாகவும் ஆட்டு வியாபாரம் மும்முரமாக நடக்கும் வாரச்சந்தையின் ஊராகவும் அறியப்பட்டதே தவிர, கடல் கடந்த பயணங்களோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் அன்று. ஆயினும் இந்த வட்டாரத்துக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையே போக்குவரத்து இல்லாமலில்லை. சேலத்துக்கு அப்பாலுள்ள திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள், அதாவது ஊர்வழக்கில் ‘ரிக்’ எனப்படும் போர்வெல் லாரிகள், ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறியிருக்கின்றன. எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். கென்யாவின் காட்டுவிலங்குகளைக் காண விரும்பும் சுற்றுலாப் பயணிகளும் இப்போது சிற்றூர்களிலிருந்தே புறப்படுகிறார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி ஆகியவற்றோடு வடக்கே எத்தியோப்பியாவையும் சேர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்கா என்று பொதுவாகக் குறிப்பிடுவது வழக்கம். இக்கட்டுரை கென்யாவை முதன்மையாகக் கொண்டு, நல்லம்பள்ளியிலிருந்து நைரோபிக்குச் சென்று திரும்பும் ஒரு பயணத்துக்கு எவ்வெவற்றை, எந்த வரிசையில் ஆயத்தம் செய்யவேண்டும் என்பதை ஆராய்கிறது.

வழியனுப்ப வருவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சிங்கத்தையும் வெயிலையும் பற்றியவையாகவே இருக்கும். நடைமுறையில் பயணியை மடக்குவது பெயரில் விடுபட்ட ஓர் எழுத்தோ, சில நாள் பிந்திப் போட்டுக்கொண்ட ஓர் ஊசியோதான். அந்த ஊசிக்கான சான்றிதழை மிகக் கறாராகக் கேட்பது போய் இறங்கும் நாடாக இல்லாமல், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையமாகவே இருக்கக்கூடும் என்பது பலரும் அறியாத செய்தி. ஆதலால் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்துக்கான ஆயத்தத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதே பாதுகாப்பானது.

முதலில் கடவுச்சீட்டு, அதாவது பாஸ்போர்ட். 2017 முதல் தலைமை அஞ்சலகங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருவதால், இதற்கென்று பெருநகரத்துக்கு அலைய வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. அலைச்சல் குறைந்தாலும் பெயர்ச் சிக்கல் குறையவில்லை. தமிழர் பெயர்முறையில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்து ‘இன்ஷியல்’ என்ற பெயரில் முன்னால் நிற்கும், அவ்வளவே. பாஸ்போர்ட்டோ முதலெழுத்தை ஏற்பதில்லை. அதை முழுப்பெயராக விரித்து எழுதவேண்டும், அப்படி விரித்த தந்தை பெயர் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், சிலருக்குச் சொந்தப் பெயரின் வாலாகவும் போய்ச் சேர்கிறது, வேறு சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே விடப்படுகிறது. வெறுமையாக விடப்பட்டவர் விமானச் சீட்டு எடுக்கும்போதும், வெளிநாட்டு அனுமதிக்கான இணைய விண்ணப்பத்தை நிரப்பும்போதும், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாமல் திணறுவார். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி சொல்லும். எந்த வழியைக் கையாண்டாலும், விமானச் சீட்டு, பயண அனுமதி, தடுப்பூசிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயணியின் வேலை. அதை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நல்லதன்று. பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் காலமும், முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களும் பாஸ்போர்ட்டில் இருக்கவேண்டும்.

வேலைக்குச் செல்வோருக்கு இன்னொரு கட்டம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக, குடியேற்றச் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு இடம்பெறும். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லுமுன் அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது இதன் பொருள். கென்யாவும் தான்சானியாவும் உகாண்டாவும் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. சூடானும் தெற்கு சூடானும் இருக்கின்றன. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று கொள்ளக்கூடாது. சுற்றுலாவுக்கான அனுமதியில் போய் இறங்கிய பிறகு வேலைக்கான உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவோரின் பேச்சை நம்பிப் புறப்படுவது, அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளியாகப் போய் நிற்பதற்கே வழிவகுக்கும்.

கென்யா 2024 ஜனவரி முதல் விசா முறையைக் கைவிட்டு, மின்னணுப் பயண அனுமதி என்னும் முறையைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விண்ணப்பித்து, 30 டாலரும் அதற்குமேல் சிறு சேவைக் கட்டணமும் செலுத்தி, தங்குமிட முன்பதிவையும் திரும்பும் பயணச் சீட்டையும் இணைத்தால், சில நாள்களில் அனுமதி வந்துவிடும். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்து இரண்டு மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்பதால், முகவரியைச் சரிபார்த்த பின்பே பணம் கட்டவேண்டும். கென்யாவோடு உகாண்டாவையும் ருவாண்டாவையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு, மூன்று நாடுகளுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 2014 முதல் வழங்கப்படுகிறது. அதன் கட்டணம் 100 டாலர், காலம் 90 நாள். தான்சானியா இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. தான்சானியாவின் பகுதியான சான்சிபார் தீவுகளோ, 2024 அக்டோபர் முதல், தங்கள் அரசின் காப்பீட்டு நிறுவனத்திடமே வெளிநாட்டுப் பயணி காப்பீடு வாங்கவேண்டும் என்று விதித்துள்ளன; இந்தியாவில் எடுத்த காப்பீடு கையிலிருந்தாலும் அந்த 44 டாலரைத் தனியே கட்டத்தான் வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த ஊசி, அதாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் என்பது கொசுவால் பரவும் வைரஸ் நோய். ஈரலைத் தாக்கி உடலை மஞ்சளாக்குவதால் இப்பெயர் பெற்றது, ஆயினும் ஊரில் நாம் காணும் மஞ்சள் காமாலையோடு இதற்குத் தொடர்பில்லை. ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலத்திலும் தென் அமெரிக்காவிலும் நிலைகொண்டிருக்கும் இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு இந்தியாவில் தாராளமாக இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரில் பெருகி டெங்குவைப் பரப்புவதும் இதே கொசுதான். கொசுவும் இருக்கிறது, நோய்எதிர்ப்பு இல்லாத நூற்றுநாற்பது கோடி மக்களும் இருக்கிறார்கள், கிருமி மட்டும் வரவில்லை என்ற நிலையில், அதைக் கொண்டுவரக்கூடிய முதன்மையான வாகனம் நோய்த்தொற்றோடு விமானத்தில் வந்திறங்கும் பயணியே. அதனால்தான் 1954-ஆம் ஆண்டின் இந்திய விமானப் பொதுச் சுகாதார விதிகள் தொட்டு இன்றுவரை இந்தியா இவ்விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் நிலவும் நாடுகளாக இந்தியா அறிவித்துள்ளவற்றுள் கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா ஆகியவை அடங்கும். அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாள்களுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் செல்லத்தக்க சான்றிதழ் இல்லையென்றால், அந்த ஆறு நாள் நிறைவடையும்வரை அவரைத் தனிமைப்படுத்தி வைக்க விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆறு நாள் என்ற கணக்கு, கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படும் காலத்தை வைத்து வகுக்கப்பட்டது. கென்யாவோ, இந்தியாவிலிருந்து நேராக வரும் பயணியை அந்தச் சான்றிதழ் இல்லாமலும் உள்ளே விடக்கூடும், ஏனெனில் அவர் நோயில்லா நாட்டிலிருந்து வருகிறார். போகும்போது ஒருவரும் கேட்கவில்லையே என்று நிம்மதியடைந்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இந்தத் தடுப்பூசியை எல்லா மருத்துவமனைகளிலும் போடமுடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டுக்கொண்டால் மட்டுமே சான்றிதழ் செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்டவை. நல்லம்பள்ளியிலிருந்து கிண்டி ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். பெங்களூரு அதில் பாதி தொலைவுதான், அங்கும் அங்கீகாரம் பெற்ற மையங்கள் உண்டு. எங்கே சென்றாலும் முன்பதிவு வேண்டும். உறைநிலையில் உலர்த்திய இம்மருந்து பலருக்குப் போதுமான அளவாக ஒரே குப்பியில் வருகிறது. கரைசலைக் கலந்து திறந்தபின் சிறிது நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும் என்பதால், ஆள் சேர்ந்த பின்பே குப்பியைத் திறப்பார்கள். குறிப்பிட்ட கிழமைகளில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மையங்கள் ஊசி போடுவதற்கு இதுவே காரணம். கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துப் போய், இன்று இல்லை என்று கேட்டுத் திரும்புகிறவர் இக்காரணத்தை அறிந்திருந்தால் முதலில் தொலைபேசியில் விசாரித்திருப்பார்.

ஊசி போட்டபின் கையில் தரப்படுவது மஞ்சள் நிறச் சிறு புத்தகம் அல்லது மடிப்பு அட்டை. அதன் ஒரே வரிசையில் தடுப்பு மருந்தின் பெயர், ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையொப்பம், மருந்துத் தொகுதியின் எண், எந்த நாளிலிருந்து செல்லும் என்ற குறிப்பு, மையத்தின் முத்திரை ஆகியவை அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். மேலே பயணியின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுதப்படும். இதில் ஒரு கட்டம் விடுபட்டாலும், தேதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தாலும், விமான நிலையத்தில் கேள்வி எழும். எனவே மையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே நின்று ஒருமுறை படித்துப் பார்ப்பது அவசியம். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லுபடியாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு காலம் ஆகிறது. முன்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் போடவேண்டியிருந்த இந்த ஊசி, உலக சுகாதார அமைப்பின் விதித் திருத்தத்தின்படி 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்தாண்டுக் கெடு எழுதப்பட்டிருந்தாலும் அதுவும் செல்லும். ஆகவே அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது.

இம்மருந்து உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆனது. மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய 17டி என்னும் வகையே இன்றும் பயன்படுகிறது; இதற்காக அவருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழி முட்டைக் கருவில் வளர்க்கப்படுவதால், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். கருவுற்ற பெண்கள், நோய்எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குப் பொதுவாக இது தவிர்க்கப்படுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பின்விளைவு நேரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் நன்மை தீமைகளை மருத்துவர் எடைபோட்டே முடிவெடுப்பார். பேரனையும் பேத்தியையும் பார்க்கப் போகும் முதியவர்கள் இவ்விஷயத்தில் கடைசி வாரத்தில் முடிவெடுக்கும் நிலைக்குத் தங்களைத் தள்ளிக்கொள்ளக்கூடாது. மருத்துவ விலக்குச் சான்று பெற்றுச் செல்ல வழியுண்டு என்றாலும், அதை ஏற்பதும் மறுப்பதும் இறங்குமிடத்து அதிகாரியின் முடிவு.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது. மலேரியாவுக்கு வழக்கமான பயணி போட்டுக்கொள்ளத்தக்க ஊசி இல்லை, மாத்திரைதான் உண்டு. ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் பால்சிபாரம் வகை மலேரியா சில நாள்களில் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரைப் பறிக்கவல்லது. பழைய குளோரோகுயின் மாத்திரைக்கு அது கட்டுப்படுவதில்லை. நைரோபி நகரம் மேட்டுநிலத்தில் இருப்பதால் அங்கு அபாயம் குறைவு. மொம்பாசாக் கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அதிகம். தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்கிளின் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் நாள்தோறும் சாப்பிடவேண்டியது. அட்டோவாகுவோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரையைத் திரும்பிய பின் ஏழு நாளோடு நிறுத்தலாம். வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெஃப்ளோகுயினை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கவேண்டும், மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். மாலையில் முழுக்கைச் சட்டையும், கொசுவலையும், தோலில் தடவும் கொசுவிரட்டியும் மாத்திரைக்கு மாற்றல்ல, துணையே. காட்டுப் பகுதிகளில் கடிக்கும் செட்சி ஈ, தூக்க நோயைப் பரப்புவது, கருநீல நிறத்தாலும் கருப்பு நிறத்தாலும் ஈர்க்கப்படுகிறது. சரணாலயத்துக்கு மண்நிற உடை அணியச் சொல்வது அழகுக்காக மட்டுமன்று. அதற்காக இராணுவச் சீருடையை ஒத்த பச்சைப் புள்ளி உடையை எடுத்துச் செல்லக்கூடாது. உகாண்டா முதலிய நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம்.

ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய பருத்தி உடைகளை மட்டும் மூட்டை கட்டுவது பரவலான தவறு. தர்மபுரிச் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நைரோபியோ 1,795 மீட்டர், அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேல். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும் நைரோபியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை இரவுகள் குளிரானவை, வானமும் மேகம் மூடியே கிடக்கும். தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மாராவுக்கு லட்சக்கணக்கான காட்டுமாடுகள் இடம்பெயரும் காட்சியைக் காண உகந்த ஜூலை–அக்டோபர் பருவத்தில், விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் நின்றுகொண்டு போகிறவருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் காதை மூடும் குல்லாயும் இன்றியமையாதவை. மழைக்காலம் அங்கு இரண்டு: மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. நல்லம்பள்ளியில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே பாதைகள் சேறாகிக் கிடக்கும்.

கடிகாரமும் ஏமாற்றும். கிழக்கு ஆப்பிரிக்க நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது என்பது எளிதில் விளங்கும். ஆனால் சுவாஹிலி பேசும் மக்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள்; காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி, நண்பகல் ஆறாம் மணி. எத்தியோப்பியாவிலும் இதே வழக்கம். அதற்கும் மேலாக அந்நாட்டு நாள்காட்டி நம் ஆங்கில ஆண்டுக்கு ஏழு எட்டாண்டு பிந்தியது, பதின்மூன்று மாதங்களைக் கொண்டது. உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பழகிய வீட்டினருக்கு இம்முறையைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது; சிரமம், பேருந்து இரண்டு மணிக்கு என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால் அது காலை எட்டா, பிற்பகல் இரண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள மறந்துவிடுவதில்தான்.

சாமான் கட்டும்போது நல்லம்பள்ளிக்காரர் செய்யவேண்டிய முதல் வேலை, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவர்களையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுவது. ருவாண்டா 2008-இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. கென்யா 2017 ஆகஸ்டு 28 முதலும், தான்சானியா 2019 ஜூன் 1 முதலும் தடை செய்தன. கென்யச் சட்டம் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் நாற்பது லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது நான்காண்டு வரை சிறை என்று விதிக்கிறது. பயணியை அவ்வளவு தூரம் இழுப்பதில்லை என்றாலும், வரியில்லாக் கடையில் கொடுத்த பையைக்கூட விமான நிலையத்தில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வெளியேறவேண்டும். ஆலையிலேயே அடைக்கப்பட்ட மசாலாப் பொட்டலங்களுக்குத் தடையில்லை. மளிகைக் கடையில் நிறுத்துக் கட்டிய மெல்லிய கவர்தான் வம்பு. தமிழ்நாட்டிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் சந்தையில் காய் வாங்கும்போது கவர் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பதே நடப்பு. இங்கே ஏட்டளவில் தேங்கிய விதி அங்கே நடைமுறையாகியிருக்கிறது. ஆகவே கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சப்பைகளை வெளியே எடுத்து, பருப்புப் பொடியை எவர்சில்வர் டப்பாவிலும், துணிகளை அந்தப் பைகளிலும் அடைத்துக்கொள்வதே தக்கது. சரணாலயங்களுக்கிடையே பறக்கும் சிறு விமானங்களில் பதினைந்து கிலோவுக்குமேல் ஏற்றமாட்டார்கள், கெட்டிப் பெட்டியையும் மறுப்பார்கள் என்பதால், துணிப் பை அங்கும் உதவும்.

சாப்பாட்டு மூட்டையை அளவோடு கட்டுவதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அன்றாட உணவாகிய கேழ்வரகு, தாவரவியலாளர் பொதுவாக ஏற்றுக்கொண்டபடி, எத்தியோப்பியாவுக்கும் உகாண்டாவுக்கும் இடைப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் வழியே இந்தியத் தீபகற்பத்துக்கு வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்த காலத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பிறந்த இடத்தைப் பற்றி இல்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்ற சிறப்பை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஏழையின் வயிற்றை நிரப்பிய கேழ்வரகைக் கொண்டுவந்தவர் யார் என்று பாடுவதற்கு எவரும் முன்வரவில்லை. தர்மபுரி வட்டாரச் சாலையோரங்களில் நிற்கும் புளியமரமும் ஆப்பிரிக்காவையே தாயகமாகக் கொண்டது. கென்யாவில் கேழ்வரகை விம்பி என்பர். அதன் மாவைப் புளிக்கவைத்தோ வைக்காமலோ காய்ச்சும் ஊஜி என்னும் கூழைக் காலையில் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறார்கள். உகாலி என்பது பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி இறக்கும் களி. விரலால் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, கீரைக் கறியைத் தொட்டு உண்பர். சட்டியில் கடைந்த கீரையோடு ராகிக் களியை விழுங்கி வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கை அசைவைக் கற்றுத்தர வேண்டியதில்லை, களியை மெல்லாமல் விழுங்குவதைப் பார்த்து அங்குள்ளவர்கள் வேண்டுமானால் வியக்கலாம். 1896–1901-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில்பாதை போட ஆங்கிலேயர் ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளரை, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுசென்றனர். அவர்களில் சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். அவர்களாலும், அவர்களுக்கு முன்னும் பின்னும் சென்ற குஜராத்தி வணிகர்களாலும் சப்பாத்தியும் சமோசாவும் பால் தேநீரும் இன்று கென்யரின் சொந்த உணவாகிவிட்டன. எனவே மரக்கறி உண்பவர்கூட நகரங்களில் பட்டினி கிடக்க நேராது.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க டாலராக மாற்றி எடுத்துச் செல்வதே நடைமுறை. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகவும், மீதியை அட்டையிலும் எடுத்துச்செல்ல விதி இடம் தருகிறது. கிழிந்த, மை படிந்த, மிகப் பழைய ஆண்டில் அச்சான டாலர் நோட்டுகளை அங்குள்ள பணமாற்றுக் கடைகள் வாங்க மறுப்பதால், இங்கே வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டிலும் ஆண்டைப் பார்த்து வாங்கவேண்டும். கென்யாவில் காய்கறிக் கடை முதல் மோட்டார் சைக்கிள் டாக்சிவரை பணம் கைமாறுவது 2007-இல் தொடங்கப்பட்ட எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணமுறையில்தான். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கினால் அதைப் பயன்படுத்தலாம். மின்செருகி அங்கே மூன்று தட்டை முனைகளைக் கொண்டது. நம் உருண்டை முனை அதில் சேராது, ஒரு மாற்றுச் செருகி போதும்.

பயண நாளன்று பாதை வடக்கு நோக்கியது. சேலம் பக்கம் ஓமலூருக்கு அருகே விமான நிலையம் இருந்தாலும் அது உள்நாட்டுச் சேவைக்கே உதவும். ஆப்பிரிக்கப் பயணி தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரின் வடகோடியிலுள்ள தேவனஹள்ளிக்குப் போகவேண்டும். தொலைவைக் காட்டிலும் ஓசூருக்கு அப்பால் தொடங்கும் நகர நெரிசலே நேரத்தைத் தின்னும். அங்கிருந்து மும்பை சென்று நைரோபிக்கு நேரடி விமானம் ஏறலாம், அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். இரண்டாம் வழியைத் தேர்வோர் தான்சானியாவுக்குச் செல்வதாயின், எத்தியோப்பியாவில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் தங்கினால் தான்சானியா மஞ்சள் அட்டையைக் கேட்கும் என்பதைச் சீட்டு வாங்குமுன் கணக்கில் கொள்ளவேண்டும்.

திரும்பும்போது சுமை கூடியிருக்கும். யானைத் தந்தத்தில் செய்த எதுவும், விலங்குத் தோலும், கடற்சிப்பிகளும் சட்டச் சிக்கலில் கொண்டுவிடும். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் வெளிப்படையாக மென்று திரியும் காட் இலையில் உள்ள கேத்தினோன் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. ஊரில் கொடுக்கச் சொல்லி ஒருவர் தரும் தேயிலைப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. விவசாயக் குடும்பத்தவருக்கு இன்னொரு சபலம் வரும்: தங்கள் பயிரின் தாயகத்திலிருந்து ஒரு கைப்பிடி கேழ்வரகு விதை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி, முன்அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையைக் கொண்டுவர முடியாது. நியாயமான தடை இது. விதையோடு வரும் பூஞ்சையும் பூச்சியும் மாவட்டம் முழுவதையும் கெடுத்துவிடக்கூடும்.

விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியே வந்த பிறகும் பயணம் முடிந்ததாகக் கொள்ளக்கூடாத ஒரு காலம் இருக்கிறது. மலேரியாத் தடுப்பு மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதே மிகுதியாக நடக்கும் பிழை. ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி இரத்தத்துக்கு வரும் காலத்தை உத்தேசித்தே மாத்திரைக்குக் கெடு வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையமானாலும் தனியார் கிளினிக் ஆனாலும், மருத்துவர் நாடி பிடிக்குமுன்பே ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் மழைக்காலத்தில் டெங்கு என்றும், மற்ற காலத்தில் டைபாய்டு என்றும் எண்ணி அதற்கான பரிசோதனைக்கு எழுதுவது இயல்பு. சொன்னால் அன்றே இரத்தத் தடவல் எடுத்து, மலேரியாவா என்று பார்ப்பார்கள். முதல் பரிசோதனையில் கிருமி தென்படாமல் காய்ச்சல் நீடித்தால், அடுத்த ஓரிரு நாள்களில் மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.